ஒரு சதவீதத்துக்குக் கீழே

பதினான்கு ஆண்டுகளாகப் பாகீரதியின் வேலை, ஓர் உலோகம் மண்ணிலிருந்து கிளம்பி மண்ணுக்குத் திரும்பும்வரை உலகுக்குச் செய்யும் தீங்கை அளப்பது. வலியசாலை வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்துக்குப் போய், தாளில் வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெட்டி வரைவாள். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே வரும் அம்பு ஒன்று, வெளியே போகும் அம்பு ஒன்று. எடையில் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பதை விட்டுவிடலாம் என்பது தொழிலின் வழக்கம். அவளும் விட்டுவந்தாள். கவனமானவள் என்று சொல்லலாம்; துணிச்சல்காரி என்று சொல்ல அதுவரை காரணம் இல்லை.

சென்ற ஆண்டு, மாநில எல்லைப் பக்கம் பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்யும் ஆலை ஒன்று இரண்டாவது உலைக்கு அனுமதி கேட்டது. அதற்கு அவள் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். உள்ளே போகும் இரும்பில் டன்னுக்கு எட்டு கிலோ எங்கே போகிறதென்று தெரியவில்லை. நேரில் போனாள்.

ஆலைச் சுவரையொட்டி ஜெபமலர் என்ற தையல்காரியின் வீடு. நல்ல வெயில். முருங்கை மரம் ஆலைப் பக்கம் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தது. சிலந்தி வலைகள் பாரத்தில் தொய்ந்து கிடந்தன. விழுந்த ஊசிகளைப் பொறுக்கத் தையல் மெஷின் அருகே ஒரு காந்தம் நூலில் தொங்கியது. அதன்மேல் இரும்புத் தூசி கறுப்பு முடிபோல அடர்ந்திருந்தது.

“நேத்துதான் துடைச்சேன் அக்கா. ஒவ்வொரு தெவசமும் முளைக்கு. சலூனுக்கா கொண்டு போவ?”

ஜெபமலரின் சிரிப்பு இருமலில் முடிந்தது. அவள் ஓர் ஊசியை அருகே நீட்டினாள். முடிகள் எல்லாம் ஒன்றாக, யாரோ கூப்பிட்டதுபோல, அந்தப் பக்கம் திரும்பின.

“இன்னொரு உலையும் வருமா அக்கா?”

பாகீரதி அந்தக் காந்தத்தைக் கேட்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அதைத் துடைத்து, தன் சமையலறை ஜன்னலில் தொங்கவிட்டாள். ஆலையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவு. மூன்றாம் நாள் காலையில் நாலைந்து முடிகள் நின்றன. ஜன்னல் கம்பியின் துரு என்று சொல்லிக்கொண்டாள். துடைத்தாள். மறுநாளும் நின்றன.

“எட்டு கிலோ அல்லே மேடம்,” என்றான் அலுவலகத்தை நடத்தும் மலையாளி கைலாஷ். “ஒரு சதவீதம்கூட இல்லை. விட்டுடலாம்.”

அவள் அறிக்கைப் படத்தை எடுத்தாள். எட்டு கிலோவின் அம்பை நீட்டி, முனையில் ஒரு பெட்டி வரைந்து, ‘தையல்காரி வீடு’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பெட்டியை அழித்தால் கையெழுத்தையும் அழித்துவிட வேண்டும் என்றாள்.

கைலாஷ் அந்தப் பெட்டியின்மேல் விரலை வைத்தான்.

“இதுலேர்ந்து வெளியே போற அம்பு எவிடே?”

“போறதில்லை,” என்றாள் பாகீரதி. “அங்கேயேதான் இருக்கு.”