மொட்டைமாடியில் ஒரு சண்டை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அவளுக்கு வாய் நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆராதனையில், பிரசங்கத்தின் நடுவில் எழுந்து நிற்பாள் என்று யாரும் நினைக்கவில்லை.

லாரி ஓட்டிய அவள் கணவனைப் பாலத்தோடு சேர்த்து வெள்ளம் அடித்துக்கொண்டு போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. போதகரோ பூவையும் பறவையையும் பற்றி உருகிக்கொண்டிருந்தார்.

"ஓடுற ஆத்தைப் பாருங்க. அதுல கர்த்தரோட கை தெரியலையா?"

"தெரியுது ஐயா. அந்தக் கைதான் என் வீட்டுக்காரரை இழுத்துட்டுப் போச்சா? பூவுக்கு மட்டும் அவர் பொறுப்பு, வெள்ளத்துக்கு வேற ஆளா?"

நாத்தனார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறிவிட்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

நாத்தனாருக்கும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை. "கடவுள்கிட்டயே மல்லுக்கு நிக்கிறீங்களே அண்ணி," என்று மறுநாள் குறைப்பட்டாள்.

"செத்தது உன் அண்ணன்டி. உனக்குக் கோபமே வரலையா?"

நாத்தனார் அழுக்குத் துணியை இயந்திரத்துக்குள் திணிக்கத் தொடங்கினாள்.

அன்று மதியம் திடீரென்று வானம் கறுத்தது. மொட்டைமாடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளை எடுக்க இருவரும் ஓடினார்கள். காற்று ஒரு விரிப்பைப் பிடுங்கியது. அவள் மறுமுனையை விடவில்லை.

"இதுவும் வேணுமா உனக்கு? அவர் போதலையா?" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

இடி இடித்தது. காலடித் தளம் அதிர்ந்தது. விரிப்பு கைநழுவிப் பறந்தது. ஆனால் அவளுக்கு இத்தனை நாளும் சுவரோடு பேசியது போலிருந்த அலுப்பு அப்போது இல்லை. எதிரே யாரோ இருந்தார். பிரசங்கத்தில் வந்த சாதுவான கடவுளைத் திட்டினால் உடைந்துவிடுவார் போலிருக்கும். இவர் பெரியவர். தாங்குவார்.

பக்கத்தில் இன்னொரு குரல் வெடித்தது. "எங்க அண்ணனைத் திருப்பிக் கொடு!" நாத்தனார்தான். மழையில் தொப்பலாக நனைந்தபடி இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

அந்த வாரமே போதகர் அவள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "எனக்கும் பதில் தெரியலம்மா," என்றார்.

"தெரியலைன்னா அதையே சொல்லுங்க ஐயா. பூவைக் காட்டி ஏமாத்தாதீங்க."

"ஜெபம் பண்ணட்டுமா?"

"நானே பண்றேன். எனக்கு அவர்கிட்ட கேக்க வேண்டியது நிறைய இருக்கு."

கண்ணை மூடாமலே ஆரம்பித்தாள். குரலில் சூடு கொஞ்சமும் குறையவில்லை. போதகர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.