கடை டாக், குலுக்கல் டாக்

என் மனைவி வில்லை முதன்முதலில் கையில் எடுத்தது தோள் நோவுக்காக. மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய தையல் தொழிற்சாலை ஒன்றில் அவள் வேலை செய்தாள். நாள் முழுவதும் மெஷினில் குனிந்திருந்ததில் வலது தோள் இறுகிப்போயிருந்தது. அதே தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையில் நின்ற கியூபெக் பெண் ஒருத்தி, மனைவியை விடப் பத்து வயதாவது மூத்தவள், ஒரு சனிக்கிழமை அவளை விளையாட்டு மண்டபம் ஒன்றின் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஆட்கள் வரிசையாக நின்று அம்பு எய்து பழகினார்கள். அந்த நோ போனதா என்று நான் பிறகு கேட்கவே இல்லை. அடுத்த சனிக்கிழமையும் போனாள், அதற்கு அடுத்ததும் போனாள்.

2000களின் நடுப்பகுதி அது. நான் டவுன்டவுனில் ஒரு உணவகக் குசினியில் இறைச்சி வெட்டுபவனாக இருந்தேன். வேட்டை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், வெட்டி முடிந்து பெட்டியில் வரும் மான் தொடை மட்டும்தான். ஒரு பனிக்காலம் முடிவதற்குள் மனைவி இரண்டு பக்கமும் சில்லு வைத்த வில் ஒன்றைச் சொந்தமாக வாங்கிவிட்டாள். அதற்கு அடுத்த பனிக்காலத்தில் வேட்டைக்காரருக்கான வகுப்புக்குப் போய், பிரெஞ்சில் பரீட்சை எழுதி, அத்தாட்சி அட்டையும் எடுத்துவிட்டாள். சொந்தக்காரர்கள் போன் எடுத்துச் சிரித்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவளுடைய அந்தத் தோழிக்கு ஒரு ஆசை இருந்தது. கியூபெக்கில் மூஸ் என்ற மிகப் பெரிய மான் இனம் உண்டு, சாதாரண மானும் உண்டு. எல்க் கிடையாது. எல்க் என்பது எங்கள் ஊர்க் காட்டு மரையின் பெரியண்ணன் மாதிரி ஒரு மான். இலையுதிர்காலம் தொடங்கும்போது ஆண் எல்க் கூப்பிடும் சத்தத்தை வாழ்நாளில் ஒரு தடவையாவது நேரில் கேட்க வேண்டும் என்று தோழி சொல்லிக்கொண்டே இருப்பாள். அதற்கு அமெரிக்காவின் கொலராடோ மலைகளுக்குப் போக வேண்டும். அங்கே வில்லுக்கு ஒரு வேட்டைக் காலம், துவக்குக்கு, அதாவது துப்பாக்கிக்கு, பிந்தி வேறொரு காலம்.

“துவக்குக் காலத்தில போனா குளிர் கூட, ஆனா லேசாம்” என்று மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

“அப்ப துவக்குப் பழகப் போறீரோ?”

“இல்லை. ஊரில துவக்குச் சத்தம் கேட்டது காணும். வில்லெண்டாத்தான் நான் வருவன் எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டன்.”

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் வேலை எனக்கு வந்தது. கொலராடோவின் வேட்டை விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. தோழிக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. மனைவிக்குப் பிரெஞ்சுதான் ஓடும். ஆகவே ஞாயிறு காலைகளில், நான் வேலைக்குப் போகமுன், மூவரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருப்போம். நான் ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் சொல்வேன். மனைவி அதைப் பிரெஞ்சில் தோழிக்குச் சொல்வாள். தோழி கேட்கும் கேள்வி அதே பாதையில் திரும்பி வரும். ஒரு பக்கம் முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

விஷயம் இதுதான். எல்க் வேட்டைக்கு டாக் என்றொரு சீட்டு வேண்டும். ஒரு டாக்குக்கு ஒரு மிருகம். அதைப் பெற இரண்டு வழிகள். ஒன்று, கடையில் போய்க் காசு கொடுத்து வாங்குவது. கேட்ட எல்லோருக்கும் கிடைக்கும். அதனால் அந்த டாக் செல்லுபடியாகும் மலைகளில் சனமும் அப்படித்தான் இருக்கும். மற்றது குலுக்கல். வசந்தகாலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் பெயர் விழாவிட்டால் ஒரு புள்ளி சேரும். புள்ளி சேரச் சேர முன்வரிசைக்கு வரலாம். சனம் குறைந்த, பெரிய கொம்புகள் உள்ள இடங்களுக்கு விழுவதற்கு வருடக்கணக்கில் புள்ளி சேர்க்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு இன்னும் கடினம்.

தோழி குலுக்கல் பக்கம். நான் கடைப் பக்கம். எனக்கு விஷயம் தெரிந்ததால் அல்ல. காத்திருப்பது எனக்கு எப்போதும் பிடிக்காது.

“அவ சொல்லுறா, அவ்வளவு தூரம் போறதெண்டா நல்ல இடத்துக்குத்தான் போகவேணுமாம்” என்றாள் மனைவி.

“அதுக்குள்ள அவவுக்கு முழங்கால் போயிடும் எண்டு சொல்லும்.”

“அதை நான் சொல்லேலாது. நீங்களே இங்கிலீசில சொல்லுங்கோ.”

நான் பேச்சை மாற்றினேன்.

“சரி, நீர் என்ன நினைக்கிறீர்?” என்று கேட்டேன்.

“நான் இன்னும் யோசிச்சு முடியேல்லை. நீங்கள் அடுத்த பக்கத்தை வாசியுங்கோ.”

இப்படி இரண்டு மூன்று ஞாயிறுகள் போயின. தோழியும் நானும் மேசைக்குக் குறுக்கே, ஆளையாள் விளங்காமலே, வாதாடினோம். ஒருநாள் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஒரு ஆள் ரெண்டையும் செய்யேலாதோ?” என்றாள்.

ஏலாது என்று சொன்னேன். அவள் புத்தகத்தைத் திருப்பி என் முன்னால் தள்ளினாள். “வடிவாப் பாருங்கோ.”

வடிவாகப் பார்த்தேன். இருந்தது. குலுக்கலில் இடம் எதுவும் கேட்காமல் புள்ளி மட்டும் போதும் என்று விண்ணப்பிக்கலாம். அதைச் செய்தவரும் அதே இலையுதிர்காலத்தில் கடை டாக் வாங்கிக்கொண்டு மலைக்குப் போகலாம். நான் அந்தப் பந்தியை முந்திய ஞாயிறு வாசித்துவிட்டுத் தாண்டிப்போயிருந்தேன்.

“காத்திருக்கிறதும் போறதும் ஒண்டுக்கொண்டு எதிரி எண்டு ஏன் ரெண்டு பேரும் நினைக்கிறியள்?” என்று அவள் கேட்டாள். பிறகு அதையே பிரெஞ்சில் தோழிக்குச் சொன்னாள். தோழி சிரித்துக்கொண்டே கையைத் தூக்கிவிட்டாள்.

எனக்கு அது புதிதாக இருந்திருக்கக் கூடாது. நான் அகதியாக அவளுக்கு முன்னால் கனடாவுக்கு வந்தேன். அவளைக் கூப்பிடும் பேப்பர்கள் சரிவரும் வரைக்கும் அவள் கொழும்பில் ஒரு வாடகை அறையில் இருந்தாள். அந்த நாட்களில் நான் இங்கே விரக்தியில் சுற்றித் திரிந்தேன். அவள் அங்கே பிரெஞ்சு வகுப்புக்குப் போனாள். மொன்றியலில் வந்திறங்கிய முதல் கிழமையே, நான் அதுவரை விரலால் காட்டிக் காட்டிப் பாண் வாங்கிய டெப்பனர் என்ற மூலைக்கடையில் அவள் கடைக்காரனோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இலையுதிர்காலம் மூவரும் தோழியின் வான் வண்டியில் புறப்பட்டோம். நான் சாரதி, சமையல்காரன். எல்லையில் அதிகாரி என்னுடைய பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தைப் பார்த்தார். மனைவியுடையதைப் பார்த்தார். பிறகு பின்னால் கிடந்த நீளப் பெட்டிகளைப் பார்த்தார். அந்த வருடங்களில் எங்களைப் போன்றவர்களை எல்லையில் லேசில் விடமாட்டார்கள்.

“பெட்டியில் என்ன?”

“வில்” என்றாள் மனைவி ஆங்கிலத்தில். “எல்க். கொலராடோ.”

அவர் குனிந்து அவளை நன்றாகப் பார்த்தார். “குலுக்கல் டாக்கா, கடை டாக்கா?”

“இந்த வருடம் கடை. குலுக்கலுக்குப் புள்ளி மட்டும்.”

அவர் முகம் மாறியது. தானும் புள்ளி சேர்ப்பதாகச் சொன்னார். “கடை டாக் இடங்களில் எல்க்கை விட ஆட்கள் அதிகம்” என்று சொல்லிப் பாஸ்போர்ட்டுகளைத் திருப்பித் தந்தார். எங்கள் பயண நோக்கத்தைப் பற்றி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு விரைவாக நான் எந்த எல்லையையும் கடந்ததில்லை.

மலையடியில் ஒரு சின்ன ஊரில், ஆணியும் கயிறும் மீன் தூண்டிலும் விற்கும் கடையில் பெண்கள் இருவரும் டாக் வாங்கினார்கள். அதிகாரி சொன்னது சரி. வண்டிகள் நிறுத்தும் இடம் திருவிழா மாதிரி இருந்தது. கூடாரங்கள், அடுப்புகள், நாய்கள். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் விடியமுன் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். தோழியும் மனைவியும் அந்த வரிசையில் சேர்ந்து ஏறி, மத்தியானம் களைத்துத் திரும்பினார்கள். உயரம் எனக்கு ஒத்துவரவில்லை. தண்ணி எடுக்கப் போய் வந்தாலே மூச்சு வாங்கியது. சாப்பாடு வைத்துக்கொண்டு வானுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

எங்கேயோ வெகு தூரத்தில் ஆண் எல்க் கூப்பிடுவது ஒரு விடியற்காலை, அவர்கள் ஏறப் புறப்படும்போது, கேட்டது. புல்லாங்குழலை யாரோ அளவுக்கு மிஞ்சி ஊதியது போல ஒரு சத்தம், முடிவில் ஒரு உறுமல். தோழி அதைக் கேட்டு அப்படியே நின்றாள். கண்ணைத் துடைத்ததையும் கண்டேன். அவளுக்கு அந்த ஒன்றே போதும் போலிருந்தது.

என் மனைவிக்குப் போதவில்லை. சில நாள் ஏறி இறங்கியபின், ஒரு காலை அவள் மலைக்குப் போகவில்லை. தோழியை அனுப்பிவிட்டு, என்னோடு வானுக்குப் பக்கத்தில் கோப்பியோடு இருந்தாள்.

“சுகமில்லையோ?”

“சுகம்தான். சனத்தைப் பாக்கிறன்.”

“சனத்தில என்ன பாக்க இருக்கு?”

“எல்லாரும் வண்டியை விட்டு இறங்கின உடனே மேலதான் பாக்கினம். தூரப் போனாத்தான் கிடைக்கும் எண்டு நினைக்கினம். நாங்களும் அப்பிடித்தானே ஏறினம். அந்தா, ரோட்டு வளையிற இடத்துக்குக் கீழ ஒரு பள்ளம். ஒரு ஆள் அங்க இறங்கேல்லை. நான் எல்க் எண்டா இவ்வளவு சனத்தைக் கண்டிட்டு எங்க போவன்?”

வந்த வழியில் நாங்கள் தாண்டி வந்த பள்ளம்தான் அது. செங்குத்தானது, முள்ளும் விழுந்த மரங்களும் நிறைந்தது. மேலே வண்டிகள் போகும் சத்தம்கூடக் கேட்கும். அன்று பின்னேரம் அவள் தனியே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “எல்க் பிழுக்கை கிடக்கு. ஈரமாக் கிடக்கு” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்தநாள் விடியற்காலை நானும் அவளோடு இறங்கினேன். கீழே ஒரு ஊற்று கசிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு தேவதாரு மரத்தோடு ஒட்டி நின்றாள். நான் பின்னால் ஒரு மரக்குற்றிக்குப் பக்கத்தில் இருந்தேன். அசையாதீர்கள் என்று சொல்லியிருந்தாள். மேலே ரோட்டில் வண்டிகள் ஒவ்வொன்றாக ஏறிப்போயின. வெளிச்சம் நன்றாக வந்தபின், மரங்களுக்குள்ளிருந்து ஒரு பெண் எல்க் தனியாக வந்தது. மாடு அளவு உடம்பு. ஆனால் ஒரு சுள்ளி முறியும் சத்தம் இல்லை. அவர்களுடைய டாக்குக்கு ஆணும் சரி, பெண்ணும் சரி.

அது தலையைக் குனிந்து தண்ணீரில் வாய் வைத்தபோது அவள் வில்லை இழுத்தாள். மெஷினில் இறுகிப்போயிருந்த அந்தத் தோள் பின்னால் போய் நின்றதைப் பார்த்தேன். அம்பு போனது எனக்குத் தெரியவில்லை. எல்க் துள்ளி மரங்களுக்குள் ஓடியது மட்டும் தெரிந்தது.

நான் எழும்பினேன். அவள் திரும்பாமலே கையால் இருக்கச் சொன்னாள். பின்னால் ஓடினால் அது இன்னும் தூரம் ஓடும், வேதனையும் கூடும். அப்படியே இருந்தோம். கொஞ்ச நேரம் போனபின் அவள் வில்லைக் கீழே வைத்தாள். நான் பக்கத்தில் போய் இருந்துகொண்டேன்.

“சரியாப் பட்டதோ?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“பட்டது எண்டுதான் நினைக்கிறன். குறி பிழைச்சிருந்தா என்னால நித்திரை கொள்ளேலாது.”

குறி பிழைக்கவில்லை. கிட்டத்திலேயே, விழுந்த மரங்களுக்கு நடுவே கிடந்தது. அவள் முழந்தாளில் இருந்து அதன் கழுத்தில் கையை வைத்தாள். பிறகு சட்டைப் பையிலிருந்து டாக்கை எடுத்து, சட்டப்படி அதில் வெட்ட வேண்டியதை வெட்டிக் காலில் கட்டினாள். “இனி உங்கட வேலை” என்று சொல்லிக் கத்தியை என்னிடம் தந்தாள்.

அவ்வளவு பெரிய மிருகத்தை நான் அதற்கு முன் முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் மூட்டு மூட்டுத்தான், தசை தசைதான். அவள் பிடித்தாள், நான் வெட்டினேன். மத்தியானம் தோழி வந்து வானுக்குப் பக்கத்தில் எங்களைக் காணாமல் தேடி, பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே இறங்கி வந்து என் மனைவியைக் கட்டிப்பிடித்தாள். மூவரும் இறைச்சியைத் தோளில் வைத்து ரோட்டுக்கு ஏற்றினோம். ரோட்டுக்குக் கிட்ட என்பதால்தான் பழுதாகமுன் ஐஸ் பெட்டிக்குள் வைக்க முடிந்தது. மேலே ஏறிய கூடாரக்காரர் சிலர் இறங்கி வந்து, எவ்வளவு தூரம் போய் அடித்தீர்கள் என்று கேட்டார்கள். மனைவி ரோட்டு வளைவைக் காட்டினாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

அதன்பிறகும் இருவரும் வருடாவருடம் புள்ளிக்கு விண்ணப்பித்தார்கள். சில வருடங்கள் கழித்து இருவருக்கும் சேர்த்துக் குலுக்கலில் விழுந்தது. தோழி கனவு கண்ட அதே இடம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. இருவரும் மட்டும் போனார்கள். தோழியின் முழங்கால் தாங்கியது. இல்-பிசாரில் உள்ள அவளுடைய வீட்டின் முன்னறையில் ஒரு பெரிய கொம்பு இப்போதும் தொங்குகிறது. அவள் அதைத் தொட்டுப் பார்க்க எல்லோரையும் விடுவாள்.

என் மனைவி அந்த முறை டாக்கைப் பாவிக்காமலே திரும்பி வந்தாள். கவலை எதுவும் இல்லை. பையைத் திறந்து உடுப்புகளை எடுத்துக்கொண்டிருந்தவளிடம், எது நல்லது, கடையா குலுக்கலா என்று கேட்டேன்.

“குலுக்கல் இடம் சரியான வடிவு” என்றாள். “ஒரு சனம் இல்லை. பெரிய பெரிய எல்க். ஆனா சனம் இல்லாட்டி அதுகள் எங்க போகும் எண்டு எனக்குப் பிடிபடேல்லை. அவவுக்குக் காடு விளங்குது. எனக்குச் சனம்தான் விளங்குது.”

கம்பளிக் காலுறைகளை உதறித் துவைக்கும் கூடைக்குள் போட்டாள்.

“வாற வருசம் கடை டாக்தான். நீங்கள் இப்பவே லீவைக் கேட்டு வையுங்கோ.”