பாரூரில் குருத்தோலை தேடி

பாரூருக்குப் போகிறவர்கள் ஏரியைப் பார்க்கப் போங்கள். தென்னங்குருத்து கேட்டு மட்டும் போகாதீர்கள். அறுபதுகளின் கடைசியில், ஈஸ்டருக்கு முன்னால் ஓலை பிடித்துப் பவனி வரும் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை, நான் அதற்காகத்தான் போனேன். ஓசூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் மாதா கோவிலில் ஜெபம் நடத்தும் உபதேசியாரின் மகள் ரீத்தாவைப் பெண் கேட்டிருந்தேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"மொதல்ல கோயிலுக்கு நல்ல குருத்தோலையா கொண்டாப்பா, அப்புறம் பேசலாம்" என்றார்.

பெண் கொடுப்பதற்கும் தென்னைக்கும் என்ன சம்பந்தமோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஓசூர் மேட்டுக் குளிரில் அப்போது தென்னையே அபூர்வம். மரம் வைத்திருந்த ஒன்றிரண்டு பேரும் போன வருடம் குருத்தைக் கொடுத்துவிட்டு நொந்துபோயிருந்தார்கள்.

காலை ஐந்தரைக்குப் பஸ். கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். சூளகிரி தாண்டியதும் டயர் பஞ்சர். மாற்று டயரை இறக்கினால் அதுவும் பஞ்சர்! கிருஷ்ணகிரியில் பாரூர் பஸ் "இதோ வந்துரும்" என்று டீக்கடைக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று டீ குடித்தேன். பாரூரில் இறங்கும்போது உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.

வாய்க்கால் ஓரத் தோப்புக்காரர் மாதப்பன், நான் கேட்டதைக் கேட்டு எரிந்து விழுந்தார்.

"குருத்த வெட்டினா மரம் என்னாத்துக்கு ஆவும்? ஓலை கேளு, மட்டை கேளு, எளநி வெட்டித் தரேன் குடி. குருத்துல கைய வெக்காத."

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வெறுங்கையோடு போய் உபதேசியார் முன்னால் நிற்பது எப்படி? கல்யாண விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினேன். கொஞ்சம் இறங்கிவந்தார்.

"வரப்போரம் ரெண்டு மரத்துல வண்டு பூந்துக்கிச்சி. எப்படியும் வெட்டப்போறன். அதுல எடுத்துக்க."

குருத்துகளை ஈரச்சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர், "தென்னமரத்தையே கூட்டினு வந்துட்டியா?" என்று கேட்டு, சாக்குக்கும் அரை டிக்கெட் கிழித்தார். அதையும் கொடுத்தேன்.

பொழுது சாய வீட்டில் விரித்துப் பார்த்தேன். மடங்கியிருந்த குருத்தை வண்டு குடைந்திருந்ததால், விரித்த ஓலையெல்லாம் வரிசையாக முக்கோண ஓட்டை, காகிதத்தை மடித்து நறுக்கிய தோரணம் மாதிரி. திரும்பப் போக பஸ் இல்லை. ரீத்தா போச்சு என்றே முடிவு செய்தேன்.

மறுநாள் காலை கோவில் வாசலில் உபதேசியார் ஓர் ஓலையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"என்னா நறுக்கு! ஒண்ணுபோல ஒண்ணு! யாரு கைவேலப்பா இது?"

தென்னையோடு பழகாத ஊர், சுற்றி நின்றவர்களும் அதைப் பார்த்து வியந்தார்கள். அலைந்தது நான், புகழ் வண்டுக்கா என்று வந்த எரிச்சலில், உண்மையைக் கொட்டிவிட வாயெடுத்தேன். அப்போது ரீத்தா பிரித்த ஓலையிலிருந்து, கொம்பு வைத்த கறுப்பு வண்டு ஒன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவள் வண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சட்டென்று விரல்களை மூடிக்கொண்டாள்.

"சும்மா கேக்காதீங்கப்பா. அதெல்லாம் தொழில் ரகசியம்" என்றாள்.

போகிறவர்களுக்கு என் யோசனை: முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். காய்க்கிற மரத்தின் குருத்தைக் கேட்காதீர்கள். வெட்டப்போகிற மரமாகப் பார்த்துக் கேளுங்கள். ஈரச்சாக்கு கொண்டுபோங்கள். வாங்கும்போதே விரித்துப் பாருங்கள்.

நான் விரித்துப் பார்க்கவில்லை. அடுத்த மாதமே எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. மாமனார் மட்டும், சாகும்வரை ஒவ்வொரு வருடமும், அதே ஆளிடம் நறுக்கி வாங்கி வரச் சொல்லி என் உயிரை எடுத்தார்.