சுவருக்கும் பம்பருக்கும் நடுவே

இது நடந்தது. நள்ளிரவும் நாய் ஊளையும் இதில் இல்லை. ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, ஊரே கொட்டாவி விடுகிற வெயிலில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தச் சாம்பல் நிறக் கார் விலைக்கு வந்தால் வாங்கிவிடாமல் இருந்தால் போதும்.

வாங்கியவர் பழங்கார் அபிமானிகள் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் பதவி இல்லாத உறுப்பினர் ஒரே ஒருவர்தான்; அவரும் துணைப் பொருளாளர் பதவிக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை கார் அணிவகுப்பு. 'தலைவர் தம் பொற்கரங்களால் உயிர்கொடுத்த வண்டி' முதலாவதாகச் செல்லும் என்று அழைப்பிதழில் அச்சாகியிருந்தது. வாசகம் தலைவருடையது. வீட்டில் ஃபியூஸ் போனால் அந்தப் பொற்கரங்கள் டார்ச் பிடிக்கும். மாட்டுவது அவர் மனைவி.

வண்டிக்கு உயிர் வந்தபாடில்லை. லாரியில் வந்து இறங்கியதைத் தள்ளிக்கொண்டு போய் வீட்டுப் பக்கத்து ஷெட்டில், மூக்கு சுவரைப் பார்க்க நிறுத்தியதோடு சரி. நாளைக்கும் கிளம்பாவிட்டால் மானம் கப்பலேறிவிடும். தலைவர் நாற்காலிக்குச் செயலாளர் ஏற்கெனவே மெத்தை தைத்து வைத்திருப்பதாகப் பேச்சு.

எலெக்ட்ரீஷியன்களுக்குப் போன் போட்டார். காரின் நிறத்தைச் சொன்னதும் ஒருவருக்குக் கை சுளுக்கிக்கொண்டது. இன்னொருவருக்கு மாமனார் வந்துவிட்டார். மூன்றாமவர், "வேற எந்த வண்டின்னாலும் வர்றேன் சார். அது வேணாம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"பாத்தியா? என் முன்னாடி வேலை செய்யக் கூச்சப்படறானுங்க," என்றார் தலைவர்.

"இருக்கும். கேக்கற எனக்கே கூசுது," என்றார் மனைவி.

ஆக, பொற்கரங்களே களமிறங்கின. மனைவியை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துவிட்டு, சுவருக்கும் பம்பருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் தலைவர் நுழைந்தார். தாராளமான இடம். குனிந்து நிமிரலாம், உட்கார்ந்து எழலாம். பானெட்டைத் தூக்கி நிறுத்தியதும் அவர் முகம் இவருக்கும், இவர் முகம் அவருக்கும் மறைந்துபோயின.

"நான் தட்டினா சாவியத் திருப்பு."

"எத்தன தட்டு?"

"தட்டுன்னா தட்டுதான். அதுல என்ன கணக்கு?"

முதலில் ஹாரனை அழுத்தச் சொன்னார். ஹாரன் அடிக்கவில்லை, வைப்பர் ஆடியது. சுவிட்சைப் போடாமலே இடது பக்க விளக்கு மங்கலாக எரிந்தது. "எர்த் கோளாறு," என்றார். அந்த ஒரு சொல்லை வைத்தே சங்கத்தை இத்தனை வருஷம் ஓட்டியவர் அவர்.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, பானெட்டின் விளிம்பில் தட்டினார்.

டொக்.

ஸ்டார்ட்டர் சுழன்றது. பிளக் வயர் முனையில் பொறி வரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே பொறி கிளப்பும் பாயிண்ட் கருத்திருந்தது. புத்தகத்தில் போட்டிருந்தபடி உப்புத்தாளை மடித்து, இரண்டு கையாலும் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

டொக்.

ஸ்டார்ட்டர் சுழன்றது. விரல் நுனியிலிருந்து தோள்வரை சுரீர் என்று ஏறியது.

"ஏன் திருப்பினே?"

"நீங்க தட்டினீங்க."

"நான் தட்டல."

"அப்ப நானா தட்டினேன்? உள்ள உக்காந்துக்கிட்டு வெளிய தட்ட எனக்கு என்ன அவ்ளோ நீளக் கையா?"

தலைவர் கீழே விழுந்த உப்புத்தாளை எடுக்கக் குனிந்தார். முழங்கால் பம்பரில் இடித்தது.

சற்று முன்புதான் அதே இடத்தில் உட்கார்ந்து எழுந்திருந்தார்.

"வண்டி நகந்துச்சா?"

"இல்லியே. உங்க தொப்பை நகந்திருக்கும்."

"சாவிய வெளிய எடு," என்றார்.

"எடுத்துட்டேன். கைல இருக்கு."

"கியரு?"

"நியூட்ரல்தான்."

நிம்மதியாக மூச்சு விட்டார். இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார். தேய்த்த பாயிண்ட் பளிச்சென்று இருந்தது. மூடியைப் பொருத்தினார். கிளிப்பை மாட்டினார்.

டொக்.

இந்த முறை இவருக்கும் தெளிவாகக் கேட்டது. இடுப்பு உயரத்தில்... கைக்கெட்டும் தூரத்தில்... தகரத்தின் மேல் விரல் கணு மோதுகிற சத்தம்.

"சாவி என் கைல இருக்குங்க. ஏன் சும்மா தட்..."

ஸ்டார்ட்டர் சுழன்றது.

வண்டி ஒரு துள்ளு துள்ளியது. பம்பர் அவர் தொடையைச் சுவரோடு வைத்து அழுத்தியது.

கத்தினார். கத்தல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

டொக் டொக்.

அவர் கை இரண்டும் பம்பரைத் தள்ளிக்கொண்டிருந்தன.

டொக் டொக்.

"ஏங்க, தட்டாதீங்க..."

டொக் டொக். டொக் டொக்.

மனைவி கீழே பார்த்தார். கியர் முதலாவதில் கிடந்தது.

பிடித்து இழுத்து நியூட்ரலில் தள்ளினார். வண்டி அரை அடி பின்னால் உருண்டது. தலைவர் சுவரை உரசிக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவியின் உள்ளங்கையில் சாவியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

வயர் எங்கோ ஒன்றோடொன்று உரசியிருக்க வேண்டும் என்று தலைவர் சொன்னார். நொண்டிக்கொண்டே போய், எட்டத்தில் நின்று கையை மட்டும் நீட்டி, பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றினார். இரண்டு பேருமாக அதைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தார்கள். வேறு நாளாக இருந்தால் அந்த மேசை விரிப்புக்காக ஒரு யுத்தமே நடந்திருக்கும். மனைவி போய் ஷெட்டின் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வந்தார்.

வெயில் இறங்கும்வரை ஷெட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு இரண்டாக. பிறகு நின்றது.

தலைவர் மூன்றாவது எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார். குரலில் சங்கம் இல்லை.

"தட்டுற சத்தம் கேட்டுச்சா சார்?" எலெக்ட்ரீஷியன் தாமாகவே கேட்டார்.

"...ம்."

"அந்த வண்டி பழைய ஓனர்கிட்ட இருந்தப்ப ஒருத்தர் அதுல வேல பாத்தாரு. எங்க எல்லாருக்கும் அண்ணன் மாதிரி. இதே மாதிரிதான், மூக்கு சுவரப் பாத்து நின்னுச்சு. அவர் முன்னால. ஓனர் உள்ள. வண்டி கியர்ல இருந்தத யாரும் பாக்கல. சாவியத் திருப்புனதும் சுவரோட அழுத்திடுச்சு. கத்த முடியல. பானெட்டத் தட்டியிருக்காரு."

"தட்டினா..."

"எங்க ஆளுங்களுக்கு ஒரு கணக்கு உண்டு சார். ரெண்டு தட்டுனா நிறுத்துன்னு அர்த்தம். ஓனருக்கு அது தெரியல. தட்டத் தட்டத் திருப்பியிருக்காரு. விடாம, அண்ணன் மூச்சு நிக்கற வரைக்கும்."

தலைவருக்கு 'தட்டுன்னா தட்டுதான்' என்று தாம் சொன்னது நினைவுக்கு வந்தது.

"இப்ப நின்னுடுச்சுப்பா. சத்தமே இல்ல."

"நல்லது சார். ரெண்டு தட்டுன்னா பயமில்ல, அது அவரு நிறுத்தச் சொல்றது. ஒத்தத் தட்டு எதுவும் கேட்டீங்களா?"

"ஏன்? ஒண்ணுன்னா என்ன?"

"ஒண்ணுன்னா சாவியத் திருப்புன்னு அர்த்தம் சார். ஆனா..." எலெக்ட்ரீஷியன் தயங்கினார். "அன்னைக்கு அண்ணன் ஒத்தத் தட்டு தட்டவே இல்லைனு வாசல்ல நின்னு பாத்த ஓனரோட டிரைவர் சொன்னாரு. அவரு கை ரெண்டும் உள்ள வேலையா இருந்துச்சாம். முதல் தட்டு யார் தட்டுனாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

தலைவர் போனைக் கீழே வைத்தார்.

சாவி மனைவியின் கையில்.

பேட்டரி மேசைமேல்.

பூட்டிய ஷட்டருக்குப் பின்னால்...

டொக்.

ஒரே ஒரு தட்டு.

பிறகு, ஸ்டார்ட்டர் சுழலும் சத்தம்.