நான்காம் மணியில் நான் போட்ட சத்தம்

மரம் கழிக்கிற எங்கள் கூட்டத்தில் என் வீட்டுக்காரருக்குப் பம்பரம் என்று பெயர். சாப்பிடும்போதுகூடக் கால் ஆடும். தட்டில் பாதி இருக்கும்போதே கை கழுவக் கிளம்பிவிடுவார். அந்த மனுஷன் நிதானமாகச் செய்த ஒரே காரியம் என்னைக் கட்டிக்கொள்ள யோசித்ததுதான். அதற்கு மட்டும் நாலு வருஷம்.

மேலே அவர் கிளையை அறுப்பார். கீழே நின்று கயிறு பிடிப்பது நான். பதினோரு வருஷமாக இதுதான் எங்கள் பிழைப்பு. இதில் ஒரு சட்டம் உண்டு: ரம்பம் கைக்கு வந்தால் உடம்பில் இரண்டு கயிறு இருக்க வேண்டும். உச்சியிலிருந்து தொங்குவது ஒன்று, இடுப்பையும் மரத்தையும் சேர்த்துச் சுற்றுவது இன்னொன்று. ரம்பம் தவறி ஒன்றை அறுத்தாலும் மற்றது ஆளைத் தாங்கும். பச்சைப்பிள்ளைக்குக்கூடப் புரிகிற விஷயம். ஆனால் அந்த இரண்டாவது கயிற்றை மாட்ட ஆகும் ஆறு வினாடி இவருக்குப் பொறுக்காது.

போன மாதம் ஒருநாள் வேலை முடிந்ததும் உச்சிக் கயிற்றை வழக்கத்துக்கு மாறாக அவரே சுருட்டி வண்டியில் போட்டார். எனக்கு உறுத்தியது. வீட்டில் உதறிப் பார்த்தேன். ஓரிடத்தில் ரம்பம் பட்டுப் பாதிக்கு அறுந்து நூல்நூலாகத் தொங்கியது. அன்றைக்கு அவரைத் தாங்கியது அந்த ஒரு கயிறுதான்.

"இன்னொரு தடவை இப்படிப் பண்ணீங்கன்னா, கயிறு பிடிக்க வேற ஆளப் பாத்துக்குங்க."

"சும்மா இருடி. நான் என்ன நேத்து ஏறினவனா?"

அப்புறம் வந்தது வருடாந்திர மரமேறும் போட்டி. மரத்தில் ஐந்து மணிகளைக் கட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் அடித்துவிட்டு யார் சீக்கிரம் இறங்குகிறாரோ அவருக்கே கோப்பை. மூன்று வருஷமாக நெட்டையன் என்கிற ஒருவன் முதலிடம், இவர் இரண்டாமிடம். போட்டிக்கு முந்தின வாரம் முழுக்க இவர் வீட்டுக்குள் நடந்த நடைக்குத் தரையே தேய்ந்திருக்கும். வெளியிலிருந்து யாராவது குறிப்புக் கொடுத்தால் ஏறுகிறவர் வெளியே என்று நடுவர் ஒலிபெருக்கியில் இரண்டு முறை சொன்னார்.

மூன்று மணிகளை அடித்தபோது முன்னாலேயே ஏறி இறங்கிவிட்ட நெட்டையனின் நேரத்தைவிடப் பதினெட்டு வினாடி முன்னால் இருந்தார். நான்காவதை ரம்பத்தால் தட்ட வேண்டும். ரம்பத்தை உருவினார். இடுப்புக் கயிறு மாட்டாமல் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நடுவர்கள் நின்ற பக்கம் இலை அடர்த்தி, அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. வாயை மூடு, வாயை மூடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வாய் கேட்கவில்லை.

"ஏங்க! ரெண்டாவது கயிறு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

இறங்கி வந்தவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. "மூணு வருஷம்டி! இப்ப சந்தோஷமா உனக்கு?"

சந்தோஷம் எங்கே? அவர் தோற்றதில் எனக்கும் வயிறு எரிந்தது. அதைச் சொன்னால் நம்புகிற நிலையில் அவர் இல்லை.

மூன்று நாள் பேச்சில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, "சாவி எங்கேன்னு உங்கம்மாகிட்ட கேளு" என்று மகளை நடுவில் தூது விட்டார். அவளும், "அம்மாவுக்குக் காது நல்லாத்தான் கேக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நாலாம் நாள் வேலைக்குப் போனோம். இன்றைக்கும் மாட்டாவிட்டால் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிடுவது, திரும்பி வருவதில்லை என்ற முடிவோடு நின்றேன். அவர் ஏறினார். கிளையில் நின்று ரம்பத்தைத் தொட்டார். கை அப்படியே நின்றது. பிறகு இடுப்புக்குப் போனது.

"மாட்டியாச்சு! நல்லாப் பாத்துக்கோ!" என்று எரிந்து விழுந்தார்.

பார்த்தேன். இரண்டும் இருந்தன. அவசரப்படாமல் இன்னொரு தடவையும் பார்த்தேன். மேலே அவருடைய கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனால் நான் "வெட்டுங்க" என்று சொல்லும்வரை ரம்பத்தைக் கிளையில் வைக்கவில்லை.