வீரலட்சுமி வாசிக்கும் உலகச் செய்தி

"தக்காளி என்ன வெல விக்கிது?" என்று போனில் குவைத்தைக் கேட்கிறார் அம்மா. அங்கே வீட்டு வேலை பார்க்கும் பள்ளத்தூர் ரோகிணி விலையைச் சொல்கிறார். "ஒங்க மொதலாளியம்மா பிள்ளைகள வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாகளா?" இல்லையாம். "அப்ப அங்க இன்னும் சண்டப் பயம் வரல," என்று அம்மா பேனாவை மூடுகிறார்.

அம்மாவின் பெயர் வீரலட்சுமி. காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு தையல் கடைக்கு மேலே உள்ள அறையிலிருந்து, எங்கள் இணைய வானொலியில் தினமும் காலை எட்டு மணிக்கு உலகச் செய்தி போகிறது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வளைகுடாவிலோ மலேசியாவிலோ மகனோ மருமகனோ இருக்கிறான். செய்தி நிறுவனங்கள் தருவதை அம்மா முதலில் படிப்பார். பிறகு அந்த ஊரில் வேலை பார்க்கும் நம் பக்கத்து ஆள் ஒருவரைப் போனில் பிடிப்பார். "பாத்தியா, கேள்விப்பட்டியா?" கேள்விப்பட்டது என்றால் வாசிப்பில் சேராது.

தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார். "குண்டு விழுந்த எடம், நம்ம ஆளுக தங்கியிருக்குற எடத்துக்கு, இங்கேர்ந்து பிள்ளையார்பட்டி போற தூரம்" என்பார். ஒருமுறை தவறுதலாகச் சாக்கோட்டை என்று எழுதிவிட்டார். மறுநாள் அதற்கு ஒரு திருத்தம் எழுதி அப்பாவை வாசிக்க வைத்தார்.

விசாரிப்பது அம்மா, வாசிப்பது அப்பா. நேயர்களுக்குத் தெரிந்தது மருதுபாண்டியின் குரல் மட்டும்தான். புரட்டாசியில் அப்பா இறந்தார். நெஞ்சுவலி. மருத்துவமனை வாசல் வரை பேசிக்கொண்டே வந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அம்மா மாடியேறினார். தெருவில் பேசினார்கள். நான் ஒலிப் பொறியாளர். பெங்களூரில் விடுப்பு சொல்லிவிட்டு மிக்ஸர் முன் உட்கார்ந்தேன். சித்தப்பா வந்தார்.

"மதினி, அண்ணன் கொரலுக்குத்தான் இத்தன பேரு கேட்டாக. மதுரையில ஒரு பையன் இருக்கான். கம்பீரமா வாசிப்பான்."

"கம்பீரத்த வச்சு கொழம்பா வைக்கிறது? அவனுக்கு மஸ்கட் எங்குட்டு இருக்குன்னு தெரியுமா?"

ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஆள் வர்ற வரைக்கும் நான் வாசிக்கிறேன்" என்றார்.

அப்பா ஆறடி உயரம். நின்றுதான் வாசிப்பார். மைக் அவர் வாய்க்கு நேராகவே இருந்தது. அம்மா அதற்குக் கீழே நின்று, அண்ணாந்து வாசித்தார். குரல் மெலிந்து வந்தது. ஒலியைக் கூட்டும் கெயினை ஏற்றினேன், மின்விசிறி இரைச்சலும் கூடவே ஏறியது. ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினால் போதும். அம்மா தொடவில்லை. நானும் தொடவில்லை.

போன வாரம் ஒரு விடியற்காலையில், வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் சரக்குக் கப்பல் முந்தைய மாலை தீப்பிடித்த செய்தி வந்தது. ஏழு மணிக்குள், கப்பலில் இருந்த தமிழர் ஒருவரும் மிஞ்சவில்லை என்று வாட்ஸப்பில் பரவிவிட்டது. சாக்கோட்டையிலிருந்து பொன்னுத்தாயி செருப்பில்லாமல் மாடியேறி வந்தார். அவர் மகன் வேல்பாண்டி அந்தக் கப்பலில்தான் வேலை பார்க்கிறான்.

அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தார். அந்தத் துறைமுக மருத்துவமனைச் சமையலறையில் மலையாண்டி என்பவர் இருக்கிறார். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"மலையாண்டி, கப்பல்காரகளுக்குச் சாப்பாடு போச்சா?"

"ராத்திரி கஞ்சி கேட்டாகக்கா. வார்டுக்குக் கொண்டு போனோம்."

"நீ போனியா, வேற ஆளா?"

"நாந்தான் போனேன். நம்ம பக்கத்துப் பேச்சு பேசுற பையக ரெண்டு மூணு பேரு படுத்திருக்காக. பேரு கேக்குறதுக்குள்ள நர்சு வெரட்டிருச்சு."

"காலைக் கஞ்சிக்கும் நீயே போ. பேரக் கேட்டுட்டு வந்து சொல்லு."

பொன்னுத்தாயி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "மதினி, எம்மவன் இருக்கான்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. பொய்யினாலும் பரவாயில்ல."

"அந்தப் பையகள்ல ஒம்மவன் இருக்கானான்னு எனக்குத் தெரியாது பொன்னுத்தாயி. தெரியாதத நான் சொல்ல மாட்டேன்."

"அண்ணன் இருந்தா சொல்லிருப்பாக."

"அவுகளும் நான் எழுதிக் குடுத்ததத்தான் வாசிச்சாக."

எட்டு மணிக்கு அம்மா அண்ணாந்து வாசித்தார். "கப்பலில் இருந்த தமிழர் ஒருவரும் பிழைக்கவில்லை என்று பரவும் செய்தி உண்மையல்ல. சிலர் மருத்துவமனையில் இருக்கிறார்கள். அவர்களை நேரில் பார்த்தவரிடம் பேசினேன். பெயர்கள் இன்னும் தெரியவில்லை. பத்து மணிக்கு மறுபடி வருவேன்." குரல் ஓரிடத்திலும் உடையவில்லை. ஒலி மீட்டரில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மைக்கை மூடியதும் சித்தப்பா வாசலில் நின்றார். "பத்து மணிக்கு வர்ற சேதி எப்பிடி இருக்குமோ. அந்த மதுரைப் பையன போன்லயே வாசிக்கச் சொல்லவா மதினி? ஒங்களால முடியாது."

பொன்னுத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரும் வேணாம். நல்லதோ கெட்டதோ மதினி வாயால வரட்டும். வேற யாரு சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்." சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

அம்மா மைக் ஸ்டாண்டின் திருகை இரண்டு கையாலும் தளர்த்தினார். கம்பியைத் தன் வாய் உயரத்துக்கு இறக்கினார். திருகை இறுக்கி, நிற்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.