அறுபத்து மூன்று தொண்டைகள்

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் காபி அறையில் மர்சிப்பான் என்ற பச்சைப் பாதாம் விழுது போர்த்திய கேக்கை வெட்டினார்கள். கேக் குன்வோருக்காக. நிலவறையில் முப்பது வருடமாக முனகிக்கொண்டிருந்த பழைய கணினியிலிருந்து, வாடிக்கையாளர், ஆர்டர், ஒவ்வாமை, வண்டித்தடம் என்று சமையற்கூடத்தின் அத்தனை விவரங்களையும் சனி, ஞாயிறு இரண்டே நாளில் கிளவுடுக்கு ஏற்றிவிட்டிருந்தாள்.

சுற்றுவட்டாரத்தில் தனியாக வாழும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் நிறுவனம் அது. நாளொன்றுக்கு எண்ணூறு டப்பா. குன்வோர் அங்கே ஆர்டர் எழுதும் பெண்ணாகச் சேர்ந்து, தபால் வழியில் கணினி படித்து, கடைசியில் அந்த இயந்திரத்தின் ஒரே தாதியாகிப் போனவள். ஐம்பத்தொன்பது வயது. எதற்கும் பட்டியல் போடுவாள். காட்டுக்குக் காளான் பறிக்கப் போவதென்றாலும் பட்டியல், திரும்பி வந்ததும் ஒவ்வொன்றாக டிக். ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்ற பயம் அவளைத் தூக்கத்திலும் விட்டதில்லை.

அதனால் இந்த இடமாற்றத்துக்கும் பதினொரு மாதம் எடுத்துக்கொண்டாள். பழைய விவரங்களில் எது போகவேண்டும், எது வேண்டாம் என்று கட்டம் கட்டமாகப் பார்த்தாள். நவம்பரில் கூட்டம் போட்டு எல்லோரையும் கேட்டாள்.

"ஃபேக்ஸ் எண்ணுன்னு ஒரு கட்டம் இருக்கு. யாராவது உபயோகிக்கிறீங்களா?"

"தந்தி அடிக்கவும் ஒரு கட்டம் இருக்கும், நல்லாத் தேடிப் பாரு" என்றார் தலைமைச் சமையல்காரர் ஓஸ்தன். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்போ எடுத்துடலாமா?"

மேசையைச் சுற்றி ஒவ்வொருவராக மூச்சைச் சர்ரென்று உள்ளே இழுத்தார்கள். துருவத்தை ஒட்டிய அந்த வடக்குப் பகுதியில் அதுதான் சம்மதம். எல்லோரும் சம்மதிக்காமல் அங்கே சுவரில் ஓர் ஆணிகூட ஏறாது. எல்லோரும் சம்மதித்துவிட்டால் பிறகு ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆர்டர் பிரிவின் மைலிஸும் மூச்சை இழுத்தாள். அவள் திரையில் ஃபேக்ஸ் என்று எதுவுமே கிடையாது.

கேக்கின் முதல் துண்டு குன்வோரின் தட்டுக்கு வந்தபோது கதவருகே ஓஸ்தன் நின்றார். தலையில் வலைத்தொப்பி, கையில் கரண்டி.

"குன்வோர், ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமைக்கும் இன்னைக்கும் நடுவுல ஊர்ல எல்லாருக்கும் தொண்டை குணமாயிடுச்சா?"

"என்ன உளர்றே?"

"அறுபத்து மூணு பேருக்கு அரைச்சு வெச்சிருக்கேன். பத்து மணி வண்டிக்குக் கட்டணும். அரைத்த சாப்பாட்டுக்கு ஒரு லேபிள்கூட வரல."

"லேபிள் வரலேன்னா அவங்க பேர் எங்கே போச்சு?"

 ஓஸ்தனின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. ஒன்பது மணி வண்டிகள் போய்விட்டன. இன்று அதில் டப்பாக்கள் கொஞ்சம் அதிகம் என்று கட்டுகிற இடத்தில் யாரோ சொன்னது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அறுபத்து மூன்று பேருக்கும் மற்றவர்களின் சாப்பாடே போயிருந்தது: எலும்போடு வறுத்த பன்றி இறைச்சியும் முழு உருளைக்கிழங்கும்.

அவர்களோ விழுங்க முடியாதவர்கள். பக்கவாதம் வந்தவர்கள், நடுக்குவாதக்காரர்கள். ஒரு கவளம் கெட்டியாக இறங்கினால் மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும்.

குன்வோர் தன் அறைக்கு ஓடினாள். ஒவ்வாமைக் கட்டம் சரியாக இருந்தது. அதை மூன்று முறை சோதித்திருந்தாள். "அரைத்தது" என்ற கட்டத்தைத் தேடினாள். புதியதில் இல்லை. பழையதிலும் இல்லை. மைலிஸ் பின்னாலேயே வந்து நின்றாள்.

"நீ எங்கே மைலிஸ் அதைக் குறிப்பே?"

"குறிப்புன்னு போட்டிருக்குமே, அங்கேதான். மூணுன்னு அடிச்சா அரைத்த சாப்பாடு. எப்பவும் அப்படித்தானே?"

மூன்று.  அந்த மூன்றுகளைக் குன்வோர் பார்த்திருக்கிறாள். ஃபேக்ஸ் கட்டம் பெரும்பாலும் காலி. சில வரிகளில் மட்டும் தனியாக ஒரு 3. எவரோ எண்ணை அரைகுறையாக அடித்து விட்டுவிட்டார் என்று நினைத்து, அந்த வரிகளை வேறொரு கோப்பில் ஒதுக்கி அதற்குக் "குப்பை" என்று பெயரும் வைத்திருந்தாள்.

பழைய திரையின் நிரலைத் திறந்தாள். ஃபேக்ஸ் கட்டத்தை ஆர்டர் பிரிவுக்கு மட்டும் "குறிப்பு" என்று காட்டச் சொல்லும் ஒரு வரி இருந்தது. பக்கத்தில் அதை எழுதியவரின் முதலெழுத்துகளும் தேதியும். 1998, பிப்ரவரி 13. எழுத்துகள் அவளுடையவை. அப்போது ஆர்டர் பிரிவில் யாரோ அவசரமாகக் கேட்க, காலியாகக் கிடந்த கட்டத்துக்குப் பெயர் மாற்றிப் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்த உதவியாக இருக்கவேண்டும். அவளுக்கு அது துளிகூட நினைவில்லை. வேறு யாரோ தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனதுபோல அந்த வரியையே வெறித்தாள்.

"பட்டியல்!" என்று ஓஸ்தன் கத்தியதும்தான் அசைந்தாள். "குப்பை"யைத் திறந்து அச்சடித்தாள். அறுபத்து மூன்று பெயர்கள்.

கேக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, எட்டுப் பேர் காபி மேசையில் உட்கார்ந்து தொலைபேசினார்கள். ஓட்டுநர்களை வழியிலேயே திருப்பினார்கள். "டப்பாவைத் தொடாதீங்க, வேற வருது" என்ற ஒரே வாக்கியம் எட்டுக் குரல்களில். முக்கால் மணி நேரத்தில் அறுபத்திரண்டு பெயர்களுக்கு டிக் விழுந்தது. ஒன்றுக்கு மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிக்ஸ்தன், எண்பத்து நான்கு வயது, ஏரிக்கு அப்பால்.

"விடியுமுன்னே எழுந்துக்கிற மனுஷன். பத்தரைக்கே சாப்பிட உட்கார்ந்துடுவார்" என்றாள் மைலிஸ், குரல் இறங்கி.

பதினான்கு கிலோமீட்டர். பனி இறுகிய சாலையில் குன்வோர் எப்படி ஓட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது.

கதவு திறந்தே இருந்தது. சிக்ஸ்தன் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துணி, இடது கையில் முட்கரண்டி. இறைச்சியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி வைத்திருந்தார். கண்கள் கலங்கிப் பளபளத்தன.

"மூணு வருஷம் பொண்ணே. மூணு வருஷமாக் கூழு. இன்னைக்குத்தான் எவனோ என்னை மனுஷனா நெனைச்சிருக்கான்." குழாயில் நீர் தேங்கியதுபோல் குரல் களகளத்தது. "யாரு அனுப்பினது? கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்."

"நான்தான். தப்பா அனுப்பிட்டேன், சிக்ஸ்தன்."

"தப்பாவா?"

அவள் தட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் விளிம்பை விடவில்லை. கிழவரின் பலவீனமான விரல்களோடு அவள் உண்மையிலேயே மல்லுக்கட்டினாள். இருமல் வந்ததால்தான் விட்டார். அந்த இருமல் நிற்கவில்லை. உதடு நீலமாயிற்று. குனியவைத்து முதுகில் ஓங்கி அறைந்தாள், மறுபடியும் அறைந்தாள். ஒரு துண்டு மேசைவிரிப்பில் வந்து விழுந்தது.

அவள் அழைத்த ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து உறிஞ்சுகுழாய் வைத்தார்கள். "கொஞ்சம் நுரையீரலுக்குள்ளேயும் போயிருக்கும், சில நாள் ஆஸ்பத்திரியில இருக்கணும். பொழைச்சுக்குவார்" என்றாள் அவர்களில் ஒருத்தி. தள்ளுபடுக்கையில் கொண்டுபோகும்போது சிக்ஸ்தன் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினார். "அதைத் தூக்கிப் போட்டுடாதே. ஃப்ரிட்ஜில வை."

வண்டி போனதும் மேலாளர் ஹோக்கான் அழைத்தார். "குன்வோர், நீ எதுக்கும் கவலைப்படாதே. அறிக்கையில சிஸ்டம் கோளாறுன்னு போட்டுக்கலாம். யார் மேலயும் பழி வேண்டாம்."

"வேண்டாம், ஹோக்கான். அப்படிப் போடாதே. சிஸ்டம் சொன்னதைத்தான் செஞ்சுச்சு. சொன்னவ நான். அந்த மூணைக் கண்ணால பார்த்துட்டுக் குப்பைன்னு எழுதினதும் நான்தான்."

தொலைபேசியை வைத்தாள். அந்த வீட்டின் அமைதியில் நாற்காலியில் உட்கார்ந்து, எவ்வளவு குறைகிறது என்று பார்க்க, கத்தி நுனியால் தட்டில் மிச்சமிருந்த துண்டுகளை எலும்பைச் சுற்றி ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தாள். விரிப்பில் விழுந்ததையும் எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். அப்படியும் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது. கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். அதே இடம், அதே அளவு காலி.